துபாய் பளபளக்குது, திருச்சி மட்டும் ஏன் சாம்பல் பெட்டி?

போன ஜூலையில் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்துக்கு ஷார்ஜா - திருச்சி டிக்கெட் பார்த்தேன். நாலு பேர் போய்வர ஆகும் தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அமீரகத்தில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. "டிசம்பர்ல பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன்.

இரவு வீட்டுக்கு வந்தால், 16 வயது மகன் கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறான். "அப்பா, சாயங்காலமே ஷார்ஜால இருந்து கிளம்பிட்டேன். அரபிக் கடல் தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரத்துல திருச்சி" என்றான். ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது நிஜ நேரத்தில் ஓடும் சமாச்சாரம். நிஜ விமானத்துக்கு நாலு மணி நேரம் என்றால் இதற்கும் நாலு மணி நேரம்தான். பையன் அவ்வளவு நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "தாத்தா வெளியில நிப்பாரு, சீக்கிரம் எறங்கு" என்று அவன் அம்மா சமையலறையிலிருந்து கிண்டல் செய்தாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். செயற்கைக்கோள் படத்தின் தயவில் காவிரி அழகாகத் தெரிந்தது. மலைக்கோட்டை இருக்கும் இடத்தில் ஒரு மொட்டை மேடு. ஸ்ரீரங்கத்தில் கோபுரத்தைக் காணோம். அடுக்குமாடி வீடு மாதிரி என்னமோ நின்றது. விமானம் இறங்கியது. ஓடுபாதை முடிந்து டெர்மினல் பக்கம் திரும்பினால், ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிற கிடங்கு மாதிரி ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

"இது நம்ம திருச்சி இல்லயே பா" என்றான்.

போன முறை ஊருக்குப் போனபோது அவன் இறங்கியது புது டெர்மினலில். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்து, அதே ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுர வண்ணங்களில் முகப்பு, உள்ளே கோலமும் ஓவியமுமாக இருக்கும். திரையில் அதில் ஒன்றும் இல்லை. இதே கம்ப்யூட்டரில் துபாய் விமான நிலையத்தைத் திறந்தால் கேட் எண் பலகைகூடப் படிக்கிற மாதிரி இருக்கிறது. இந்த வித்தியாசம் ஏன் வருகிறது, காசு கொடுத்து வாங்கும் 'சீனரி'யில் எதைப் பார்த்து வாங்க வேண்டும், நம்ம ஊருக்கு நாம் என்ன செய்யலாம் என்று அன்றிலிருந்து ஒரு வருடமாக அப்பனும் மகனுமாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சீனரி என்றால் என்ன?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982 முதல் வருகிறது. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பும் 2024 நவம்பரில் வந்த பதிப்பும் உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் மற்றும் வான்வழிப் படங்களிலிருந்து உருவாக்கிக் காட்டுகின்றன. எக்ஸ்-பிளேன் என்று இன்னொரு பெரிய சிமுலேட்டர் இருக்கிறது. இவற்றில் உலகத்தின் எல்லா விமான நிலையங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். ஆனால் பெரும்பாலானவை கணினி தானாகவே கட்டிப்போட்டவை. ஓடுபாதை ஓரளவு சரியாக இருக்கும், கட்டடங்கள் குத்துமதிப்பாக இருக்கும்.

2020 பதிப்பில் சுமார் 37,000 விமான நிலையங்கள் இருந்தன. அதில் கையால் செதுக்கியவை, விலை கூடிய பதிப்பையும் சேர்த்து, வெறும் 40. அந்த விலை கூடிய பதிப்பில் துபாய் இருந்தது. பூட்டானின் பாரோவும் நேபாளத்தின் லுக்லாவும்கூட 40-க்குள் வந்துவிட்டன. இந்தியாவில் ஒன்று, இலங்கையில் ஒன்று? இல்லை.

மீதி இடங்களை நிரப்புவதற்காக வெளியே இருக்கும் குழுக்களும் தனி ஆட்களும் ஒவ்வொரு விமான நிலையத்தையும் தனியாக உருவாக்கி விற்கிறார்கள். சிலர் இலவசமாகவே தருகிறார்கள். இதைத்தான் ஆட்-ஆன் சீனரி என்கிறார்கள். காசுக்கு என்றால் பெரும்பாலும் 10 முதல் 30 டாலர் வரை. வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வெளியே 45 டிகிரி அடிக்கும்போது வீட்டுக்குள் அடைந்து கிடப்பவன் வேறு எங்கே போவான்? கணினிக்குள் பறக்கிறான்.

முதல் கேள்வி: இது எந்த வருஷத்து விமான நிலையம்?

எங்கள் முதல் அனுபவம் அடி வாங்கியதுதான். அபுதாபி விமான நிலையம் ஒன்றை எழுபது திர்ஹம் கொடுத்து வாங்கினோம். விளம்பரப் படங்கள் பிரமாதமாக இருந்தன. இறக்கிப் பார்த்தால் டெர்மினல் 'ஏ' கிடையாது! இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவில் அந்தப் பிரம்மாண்டக் கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணல். அது 2023 நவம்பரில் திறக்கப்பட்டது; 2024 பிப்ரவரியில் விமான நிலையத்தின் பெயரே சையது சர்வதேச விமான நிலையம் என்று மாறியது. நாங்கள் வாங்கியது அதற்கெல்லாம் முந்தைய காலத்து வேலை. பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பதிவிறக்கம் செய்த பொருளுக்குத் திருப்பித் தருவதில்லை என்று பதில் வந்தது. விதியைப் படிக்காமல் வாங்கியது எங்கள் தப்பு.

ஆகவே முதல் பாடம்: எந்த ஆண்டு நிலவரப்படி செய்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதைப் பாருங்கள். வளைகுடாவில் இது ரொம்ப முக்கியம். லண்டனிலோ பாரிஸிலோ ஒரு டெர்மினல் பல வருடங்கள் அப்படியே கிடக்கும். இங்கே கட்டிக்கொண்டே இருப்பார்கள். துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் 3 திறந்தது 2008 அக்டோபரில். ஏ380 விமானங்களுக்கென்றே கட்டிய கான்கோர்ஸ் 'ஏ' 2013-ல். கான்கோர்ஸ் 'டி' 2016-ல். ஒரு சீனரியில் 'டி' இல்லை என்றால் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று உடனே தெரிந்துவிடும்.

பழையது என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. அந்த அபுதாபி சீனரியை மகன் அழிக்கச் சொன்னான், நான் விடவில்லை. 1982-ல் திறந்த பழைய டெர்மினல் 1-ன் வட்டக் கட்டடம் அதில் இருக்கிறது. உள்ளே பச்சையும் நீலமுமாக ஓடு பதித்த குவிமாடக் கூரையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அபுதாபிக்கு வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு 'ஃபாரின்' என்றால் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கூரைதான். எந்த வருஷம் என்று விற்பவர் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தரையைப் பாருங்கள், அப்புறம் கண்ணாடியைப் பாருங்கள்

விற்பவர்கள் காட்டுவதெல்லாம் டெர்மினலின் கண்ணாடி, சூரிய அஸ்தமனம், பளபளக்கும் தரை. பைலட் இருக்கையில் உட்கார்ந்தவனுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். அவனுக்கு வேண்டியது தரையில் உள்ள மஞ்சள் கோடு, டாக்ஸிவேயின் பெயர்ப் பலகை, ஓடுபாதை விளக்கு, நிறுத்துமிட எண்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்து அமைப்பும் விமான நிலைய வரைபடங்களை அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. இந்தியாவில் விமான நிலையங்கள் ஆணையம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தை ஒரு பக்கம், சீனரியின் படத்தை ஒரு பக்கம் வைத்து ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துபாயில் இரண்டு ஓடுபாதைகளும் இணையானவை. இரண்டுக்கும் எண் 12 மற்றும் 30. ஒன்றுக்கொன்று இடைவெளி 400 மீட்டருக்கும் குறைவு. அதனால் பொதுவாக ஒன்றில் இறங்குவார்கள், மற்றதில் ஏறுவார்கள். இறங்கிய விமானம் இன்னொரு ஓடுபாதையைத் தாண்டி வர வேண்டியிருக்கும்போது, 'இங்கே நில்' என்கிற கோடும் விளக்கும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். சீனரியில் அந்தக் கோடு இல்லை என்றால் கண்ணாடி எவ்வளவு பளபளத்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது ஓடுபாதை ஓரத்தில் இருக்கும் நாலு விளக்குகள். சரியான சரிவில் இறங்கினால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரியும். உயரமாக வந்தால் வெள்ளை கூடும், தாழ்ந்தால் சிவப்பு கூடும். மலிவான சில சீனரிகளில் இந்த விளக்குகள் தப்பான இடத்தில் இருக்கும், அல்லது தப்பான கோணத்தில் எரியும். வாங்குவதற்கு முன் யாராவது பறந்து காட்டும் வீடியோவில், இறங்குகிற கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் பாருங்கள். போதும்.

அப்புறம் சுற்றுப்புறம். துபாயில் ஓடுபாதை 30-ல் இறங்கினால் மிர்திஃப் வீடுகளுக்கு மேலே வருவீர்கள். 12-ல் இறங்கினால் கடல் பக்கமிருந்து வருவீர்கள். அந்த வீடுகளும் கடற்கரையும் இல்லாமல் விமான நிலையம் மட்டும் தனியாக மிதந்தால் மனசு ஒட்டாது. இரவிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். நம்ம ஊர் ஃப்ளைட்டுகள் பாதிக்கு மேல் நள்ளிரவில்தானே கிளம்புகின்றன!

கடைசியாக, உங்கள் கணினி தாங்குமா? துபாய் மாதிரி பெரிய விமான நிலையம் சாதாரண கிராபிக்ஸ் கார்டைத் திணறடிக்கும். விளம்பரப் படத்தை எடுத்த கணினியின் விலையில் நமக்கு ஒரு வருட வாடகை கட்டலாம். அலங்காரத்தைக் குறைக்கும் வசதி சீனரியிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டெர்மினல் 2-ன் பஸ்

இவ்வளவு கறாராகச் சோதித்து, ஒரு நல்ல துபாய் சீனரியைப் பிறகு வாங்கினோம். மகன் ஒவ்வொரு கேட்டாகச் சுற்றிக்காட்டினான். "டெர்மினல் 2 காட்டு" என்றேன். "அது எதுக்குப் பா? அங்க சின்ன பிளேன்தான் நிக்கும்" என்றான்.

2011-ல் நான் இறங்கியது அங்கேதான். ஓடுபாதைக்கு மறுபக்கம், அல் குசைஸ் பக்கமாக இருக்கும் டெர்மினல். ஏரோபிரிட்ஜ் கிடையாது. படியில் இறங்கினால் அனல் முகத்தில் அடிக்கும். கீழே பஸ் நிற்கும். கையில் ஃபைல், பையில் ஊறுகாய் பாட்டில், பாக்கெட்டில் விசா காகிதம். எனக்கு முன்னால் படியில் இறங்கியவர் அந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு டவுன் பஸ் மாதிரியே இருக்கு தம்பி" என்றார். அதன் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் சீனரியில் டெர்மினல் 2 இருந்தது. கட்டடம் சரி, நிறுத்துமிடம் சரி. படியும் பஸ்ஸும் இருந்தன. அந்த ஒரு பஸ்ஸுக்காக, செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு மனசுக்குள் மதிப்பெண் போட்டேன். முதல் வகுப்பு ஓய்வறையைச் செதுக்க நிறையப் பேர் இருப்பார்கள். தொழிலாளி இறங்கும் இடத்தையும் அதே அக்கறையோடு செய்தவர் அந்த இடத்தை உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இன்று எந்த சீனரியை எடுத்தாலும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

ஊர்ப் பக்கம் வந்தால்

இதே அளவுகோலை நம்ம ஊர் விமான நிலையங்களுக்கு வைத்துப் பாருங்கள். வெறும் அழகு விஷயம் என்று நினைத்தது, அப்படி இல்லை என்று புரியும்.

2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து 136 பேரோடு துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேலே ஏறும்போது சுற்றுச்சுவரில் மோதியது. அப்படியே பறந்து, கடைசியில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. 2024 அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உள்ளே. ஷார்ஜாவில் எங்கள் பில்டிங்கில் அத்தனை பேரும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்திரமாக இறங்கியது என்று செய்தி வந்த பிறகுதான் சாப்பிட்டோம்.

திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். துபாய் ஓடுபாதையோ 4,000 மீட்டருக்கும் மேல். தானாக உருவான திருச்சியில் அந்தச் சுற்றுச்சுவரே கிடையாது. எவ்வளவு தாமதமாகத் தூக்கினாலும் ஒன்றும் ஆகாது. அங்கே பறந்து பழகும் பிள்ளைக்கு, நிஜத்தில் அந்த விமானிகள் எவ்வளவு நெருக்கடியில் இருந்தார்கள் என்பது எப்படித் தெரியும்?

மங்களூரும் கோழிக்கோடு கரிப்பூரும் இன்னும் கூர்மையான உதாரணங்கள். இரண்டும் மேசை மாதிரி மலை உச்சியை வெட்டிச் செய்த ஓடுபாதைகள். முனையில் பள்ளம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் போன விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொரோனா காலத்தில் ஊர் திரும்பக் காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு துபாயிலிருந்து கரிப்பூர் போன விமானம், மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து 21 பேர் இறந்தார்கள். சீனரியில் நிலத்தின் உயரக் கணக்கு சரியில்லை என்றால் அந்த மேசையே தட்டையாகிவிடும், பள்ளம் காணாமல் போகும். வளைகுடாவில் இருக்கும் எவருக்கும் அந்தப் பள்ளம் வெறும் கிராபிக்ஸ் இல்லை.

சென்னையைச் சோதிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றுக்கு மேலே பாலமாகப் போகிறது. சீனரியில் அந்தப் பாலம் இருக்கிறதா, கீழே ஆறு ஓடுகிறதா என்று பாருங்கள். 2015 டிசம்பரில் அந்த ஆறு பொங்கி விமான நிலையத்தையே நாள்கணக்கில் மூடிவைத்தது. ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் மலை இருக்கிறதா, 2023 ஏப்ரலில் திறந்த புது டெர்மினல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலுக்கு மூன்று தேறினால் வாங்கலாம்.

பலாலியை விட்டுவிட முடியாது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரிட்டன் விமானப்படை அமைத்த ஓடுதளம். 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறக்கப்பட்டு, சென்னைக்கு விமானம் பறந்தது. நடுவில் நின்றுபோய் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. டொராண்டோவிலும் லண்டனிலும் தோஹாவிலும் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வீட்டு வாசல். அந்த வாசலைச் சரியாகச் செய்து வைக்கப் பெரிய கம்பெனி எதுவும் வரிசையில் நிற்கப் போவதில்லை.

காரணம் எளிது. விற்பனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் செய்வார்கள். துபாயில் ஏ380 இறக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. திருச்சியில் இறங்க ஆசைப்படுவது திருச்சிக்காரன்தான்.

இருக்கிற துபாயும் இருக்கப் போவதில்லை

பையனிடம் ஒரு நாள் கேட்டேன், "எதுக்குடா இவ்வளவு பணம் இதுக்கு?" அவன் சொன்ன பதில் என்னைக் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. "அடுத்த வருஷம் நான் காலேஜுக்கு இந்தியா போய்டுவேன்ல. அதுக்குள்ள இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கணும்."

அவன் இரண்டு வயதில் இங்கே வந்தவன். அவனுக்கு ஊர் என்றால் ஷார்ஜாதான். 2022 அக்டோபரில் வந்த விதிகளின்படி, கல்யாணம் ஆகாத மகனை 25 வயது வரை அப்பா விசாவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் 18-தான். எப்படிப் பார்த்தாலும், பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு ஒரு நாள் விசா கேன்சல்தான். பிள்ளைகள் வளர்ந்த இடம் பிள்ளைகளுக்குச் சொந்தமில்லை.

விமான நிலையமும் அப்படியேதான். 2024 ஏப்ரலில் துபாய் அரசு அறிவித்த திட்டப்படி, அல் மக்தூம் விமான நிலையம் 128 பில்லியன் திர்ஹம் செலவில், ஐந்து இணை ஓடுபாதைகளும் 400 கேட்டுகளுமாக விரியும். இப்போதைய துபாய் விமான நிலையத்தின் போக்குவரத்து முழுவதும் படிப்படியாக அங்கே மாறும். 1960-ல் திறந்து, 2024-ல் மட்டும் 9.23 கோடிப் பேர் வந்துபோன இடம் அது. நம்மில் பலர் அழுததும் சிரித்ததும் அந்தக் கதவுகளில்தான். எங்கள் ஷார்ஜாவில் ஏற்கெனவே நடந்தது இது. 1932-ல் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களுக்காக அமைத்த ஓடுதளம் இன்று மன்னர் அப்துல் அஸீஸ் தெரு. பக்கத்தில் அல் மஹத்தா அருங்காட்சியகம். தினமும் அந்த ரோட்டில் கார் ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்கு அது ரன்வேயாக இருந்தது தெரியும்?

ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. மலையில் வரைந்த கட்டத்தைப் பார்த்து, கட்டடங்களுக்கு மேலே வலப்புறம் திரும்பி இறங்க வேண்டிய இடம். இன்றும் உலகம் முழுக்க ஆட்கள் சிமுலேட்டரில் அங்கே இறங்குகிறார்கள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்து வைத்ததால் அது நடக்கிறது.

நாமே செய்யலாம்

எக்ஸ்-பிளேன், வேர்ல்ட் எடிட்டர் என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு விமான நிலையத்தை வரைந்து அவர்களின் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினால், சரிபார்த்துச் சிமுலேட்டரிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கும் உருவாக்கும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் கட்டடத்தையும் தெருவையும் குறிக்கலாம். சிமுலேட்டர்கள் அந்தத் தரவை எடுத்துக்கொள்கின்றன. எந்த அளவுக்கு என்றால், 2020-ல் ஒருவர் மெல்பர்னில் ஒரு வீட்டின் மாடிகளை 2 என்று போட வேண்டிய இடத்தில் 212 என்று தட்டிவிட, புறநகரில் வானம் முட்டும் கோபுரம் ஒன்று முளைத்துவிட்டது! அங்கே ஒருவர் தப்பாகவாவது குறித்திருந்தார். நம்ம ஊர்த் தெருக்கள் பலவற்றில் குறிக்கவே ஆள் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சீனரி செய்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு விமான நிலைய வேலிப் பக்கம் போய்விடாதீர்கள். 2015-ல் ஃபுஜைராவில் விமானம் பார்க்கப் போன பிரிட்டன்காரர்கள் கைதாகி வாரக்கணக்கில் காவலில் இருந்தார்கள். இந்தியாவிலும் பாதுகாப்புப் பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது. பொதுவில் கிடைக்கும் வரைபடமும், டெர்மினல் திறப்பு விழாவின்போது அரசே வெளியிட்ட படங்களும் போதும்.

எங்கள் வீட்டுத் திருச்சி இப்போது பாதி முடிந்திருக்கிறது. ஓடுபாதை, டாக்ஸிவே, நிறுத்துமிடங்கள் எல்லாம் வரைபடத்தை வைத்து மகன் போட்டுவிட்டான். முகப்பின் வண்ணத்தில் சண்டை நடக்கிறது. வெளிப்பக்கம் பற்றி எங்கள் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிமில் தாத்தாவைக் கூப்பிடுகிறான். முன்பெல்லாம் அவர்கள் பேச்சு "சாப்டியா?", "நல்லா படிக்கிறியா?", "சரி, அப்பாகிட்ட குடு" என்று மூன்று வரியில் முடிந்துவிடும். போன வாரம் முக்கால் மணி நேரம் ஓடியது. புதுக்கோட்டை ரோட்டில் திரும்பியதும் என்னென்ன வரும், கார் எங்கே நிறுத்துவார்கள், வருகிறவர்களுக்காக ஜனங்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள், டீ எங்கே கிடைக்கும் என்று இவன் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தாத்தா, நீங்க எந்த இடத்துல நிப்பீங்க?" என்று கேட்டான். "வெளியில வர்ற கதவுக்கு நேரா, ரெண்டாவது தூணுகிட்ட. அப்பதான நீ என்னையப் பாப்ப" என்றார்.

அந்தத் தூணை வைத்துவிட்டான். சுற்றுச்சுவரையும் வைத்துவிட்டான். இன்னும் கோபுர முகப்பு பாக்கி. மதுரை, கோவை, தூத்துக்குடி, பலாலிக்காரர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், அடுத்த துபாய் சீனரி வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இதில் உட்காரச் சொல்லுங்கள். செலவு ஒரு திர்ஹம்கூட இல்லை.

டிசம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் முடித்து, தாத்தாவிடம் லேப்டாப்பில் காட்ட வேண்டுமாம்.